தீர்ப்புக்கு முன்னும் பின்னும் நுழையும் அரசியல்: வாசகர் கேள்வி பதில்

நீதிமன்றங்களிலும் சட்டத்தரணிகள் தொழிலிலும் அரசியல் செல்வாக்கு எந்த அளவுக்கு ஊடுருவியிருக்கிறது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால் அவற்றுள் சிலவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் காணி வழக்கு கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கிறது. எதிர்த்தரப்புக்காரர் ஓர் அரசியல்வாதியின் பெயரைச் சொல்லி, “நீதிபதியிடம் சொல்லியாயிற்று, இனி அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது” என்று அயலவர்களிடம் பேசித் திரிகிறார். இப்படி நடக்கக்கூடுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, வெள்ளவத்தை

அம்மா, இவ்வகைப் பேச்சுகள் பெரும்பாலும் உங்கள் காதில் விழவேண்டும் என்பதற்காகவே பேசப்படுகின்றன. நீங்கள் மனந்தளர்ந்து, உங்களுக்குரியதிலும் குறைந்த பங்குக்கு இணங்கிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருக்கும். ஆகவே அந்தப் பேச்சை நம்பி எந்த இணக்கத்துக்கும் கையொப்பமிட வேண்டாம்.

அவர் சொல்வது உண்மையாக இருந்தாலும் அது பெருங்குற்றமாகும். மேல்நிலை நீதிமன்றத்தையோ சட்டப்படி அதிகாரம் பெற்ற ஒருவரையோ தவிர வேறு எவருடைய பணிப்புக்கும் தலையீட்டுக்கும் ஆட்படாமல் நீதிபதி தம் கடமையைச் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 111இ உறுப்புரை கூறுகிறது. அதில் தலையிடுபவரையும் தலையிட முயல்பவரையும் மேல் நீதிமன்றம் விசாரித்து ஓராண்டு வரை சிறையிலடைக்கலாம். ஏழாண்டு வரை வாக்குரிமையையும் அரச பதவி வகிக்கும் தகுதியையும் பறிக்கலாம். முயற்சியே குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

யார், எப்போது, எவர் முன்னிலையில், என்ன சொன்னார் என்பதை உடனே எழுதி வைத்து உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்குமானால் புதுக்கடையிலுள்ள நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுத்தில் முறையிடலாம். அந்த நீதிமன்றத்தில் நேர்மையான விசாரணை நடைபெறாது என்று காட்டக்கூடிய காரணங்கள் இருப்பின், வழக்கை வேறொரு நீதிமன்றத்துக்கு மாற்றித் தருமாறு மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கவும் நீதித்துறைச் சட்டம் இடமளிக்கிறது. பணம் கைமாறியதாகச் சந்தேகித்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: எதிரிக்கு ஓர் அரசியல்வாதி இருந்தால் நமக்கும் ஒருவரைத் தேடுவோம் என்று புறப்பட வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த நிமிடத்தில் நீங்களும் அதே உறுப்புரையின் கீழ் வந்துவிடுவீர்கள்.

கேள்வி: நம் நாட்டில் அரசியல்வாதிகள் நீதிமன்றங்களை உண்மையில் எப்படித்தான் கட்டுப்படுத்துகிறார்கள்? தொலைபேசியில் அழைத்துத் தீர்ப்பைச் சொல்லிக்கொடுக்கிறார்களா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

தொலைபேசி அழைப்புகள் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரசியல்வாதி ஒருவர் நீதிபதிகளுடன் பேசிய ஒலிப்பதிவுகள் 2020 ஜனவரியில் வெளியாகி நாடெங்கும் கேட்கப்பட்டதை நாம் அறிவோம். ஆயினும் கடந்த அறுபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், அழுத்தம் தீர்ப்பின் மீது நேரடியாக விழுவதைவிட, தீர்ப்புச் சொல்லும் ஆளின் மீதே அதிகம் விழுந்திருக்கிறது. அவரை யார் நியமிப்பது, யார் உயர்த்துவது, யார் இடமாற்றுவது, யார் விலக்குவது என்பவற்றைக் கையில் வைத்திருப்பவருக்குத் தொலைபேசி தேவைப்படுவதில்லை.

பெருமைப்படத்தக்க ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குகிறேன். 1962 ஆம் ஆண்டின் இராணுவச் சதிமுயற்சி தொடர்பான வழக்கை விசாரிப்பதற்கென்றே பாராளுமன்றம் ஒரு தனிச்சட்டத்தைப் பின்தேதியிட்டு இயற்றியது. அச்சட்டப்படி விசாரணை நீதியரசர்கள் மூவரையும் நீதியமைச்சரே பெயரிட்டார். அப்படிப் பெயரிடப்பட்ட அந்த மூவருமே, ஒரு வழக்குக்கு நீதிபதிகளைத் தெரிவுசெய்யும் அதிகாரம் அமைச்சருக்கு இருக்க முடியாது என்று கூறித் தம் நியமனத்தையே செல்லாததாக்கினர். சட்டம் திருத்தப்பட்டு, வேறு நீதியரசர்கள் முன்னிலையில் வழக்கு முடிந்து, குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்கள் அந்நாளில் நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) மேன்முறையீடு செய்தபோது, குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்காகவே இயற்றப்பட்ட சட்டம் நீதித்துறை அதிகாரத்தைக் கைப்பற்றுவதாகும் என்று கூறி 1965 டிசெம்பரில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு 1971 இல் ஒழிக்கப்பட்டது; இயற்றப்பட்டுவிட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கும் வழியை 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அடைத்தது. அந்த அடைப்பு இன்றும் நீடிக்கிறது.

1978 செப்டெம்பர் 7 அன்று இரண்டாவது குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, உயர் நீதிமன்ற நீதியரசர்களும் மேல் நீதிமன்ற நீதிபதிகளும் ஒரே நாளில் பதவியிழந்தனர். சிலர் மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டனர். சிலர் புதிதாக உருவாக்கப்பட்ட மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டனர். சிலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. யாருக்கு ஏன் கிடைத்தது என்பதற்குக் காரணம் கூறப்பட வேண்டியிருக்கவில்லை. பதவியில் எஞ்சியிருந்த ஒவ்வொரு நீதிபதிக்கும் அது கற்பித்த பாடத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அதன் பின் 1983 ஜூனில், முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் விவியன் குணவர்தனவின் அடிப்படை உரிமை மனுவில் பொலிசாருக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் குண்டர்கள் திரண்டு கூச்சலிட்டனர். குற்றங்காணப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவியுயர்வு வழங்கப்பட்டது. அப்போதைய பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன், ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவால் சட்டத்தரணிகளிடையே இருந்து நேரடியாக அந்தப் பதவிக்குக் கொண்டுவரப்பட்டவர். பதவிக்கு வந்தபின் அவர் எவருக்கும் வளையவில்லை. 1984 இல் ஒரு பரிசளிப்பு விழாவில் அவர் ஆற்றிய உரையைக் காரணங்காட்டிப் பாராளுமன்றத் தெரிவுக்குழு அமைக்கப்பட்டது. அவர் ஓய்வுபெறும் வயதை அடைந்ததோடு அந்த முயற்சி முடிந்தாலும் அந்த முறை எஞ்சியது.

அந்த முறைதான் 2012 இல் முழுவடிவில் திரும்பி வந்தது. வறுமை ஒழிப்புத் திட்டங்களை மத்திய அரசின் கீழ் ஒருங்கிணைக்க முனைந்த திவிநெகும சட்டமூலம் பற்றிய உயர் நீதிமன்றத்தின் தீர்மானங்களை அடுத்து, பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 117 உறுப்பினர்கள் கையொப்பமிட்ட, 14 குற்றச்சாட்டுகள் கொண்ட, பதவியிலிருந்து நீக்கக் கோரும் குற்றப்பிரேரணை கொண்டுவரப்பட்டது. தெரிவுக்குழுவின் 11 உறுப்பினர்களில் எழுவர் ஆளுங்கட்சியினர். தமக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று டிசெம்பர் 6 அன்று பிரதம நீதியரசர் வெளியேறினார். மறுநாள், இரா. சம்பந்தன் உள்ளிட்ட நான்கு எதிர்க்கட்சி உறுப்பினர்களும் விலகினர். அதற்கு மறுநாளே அறிக்கை கையளிக்கப்பட்டுவிட்டது. தெரிவுக்குழுவுக்கு அத்தகைய அதிகாரமில்லை என்று உயர் நீதிமன்றம் கூறியது. அறிக்கையை 2013 ஜனவரி 7 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. அவற்றைப் பொருட்படுத்தாமல் ஜனவரி 11 அன்று 155 வாக்குகளுக்கு 49 என்ற கணக்கில் பிரேரணை நிறைவேறியது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியபின் அவர் ஒரு நாளுக்கு மீளமர்த்தப்பட்டு ஓய்வுபெற்றார். அவருக்குப் பின் க. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார்.

இங்கே நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2013 இல் நடந்த அநியாயத்தை 2015 இல் திருத்திய விதமும் எனக்கு நிறைவளிக்கவில்லை. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் பதவியிலிருந்த பிரதம நீதியரசரின் நியமனம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று ஜனாதிபதியின் கடிதம் ஒன்றினால் அறிவிக்கப்பட்டது. விளைவு சரியென்று நினைத்தவர்கள் அன்று வழியைக் கேள்வி கேட்கவில்லை. நீதியரசர் ஒருவரை விலக்கும் விசாரணையை, அவர்மீது குற்றஞ்சாட்டிய பாராளுமன்றத்தின் கையிலிருந்து எடுத்துச் சுதந்திரமான நீதிபதிகளிடம் ஒப்படைக்கும் திருத்தம், அத்தனை மாற்றங்கள் நடந்த பின்னும் இன்னும் வரவில்லை.

கேள்வி: அரசியலமைப்புப் பேரவை இருப்பதால் இப்போது நியமனங்களில் அரசியல் இல்லை என்று சொல்லலாமா?
— வாசகர், தெஹிவளை

அப்படிச் சொல்ல முடியாது. குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். உயர் நீதித்துறை நியமனங்களுக்கு ஜனாதிபதி அங்கீகாரம் பெற வேண்டிய இந்தப் பேரவையை 2001 இன் 17 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தது. 2010 இன் 18 ஆவது அதை நீக்கியது. 2015 இன் 19 ஆவது மீட்டது. 2020 இன் 20 ஆவது மீண்டும் நீக்கி, ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தாத, அபிப்பிராயம் கூற மட்டுமே வல்ல பாராளுமன்றப் பேரவையை வைத்தது. 2022 இன் 21 ஆவது மறுபடியும் மீட்டது. கால் நூற்றாண்டுக்குள் ஐந்து முறை மாறிய ஏற்பாட்டை நிலையான அரண் என்று எவரும் கருத முடியாது. 20 ஆவது திருத்தம் உயர் நீதிமன்ற நீதியரசர்களின் உச்ச எண்ணிக்கையை 11 இலிருந்து 17 ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதை 12 இலிருந்து 20 ஆகவும் உயர்த்தியது. வழக்குகள் குவிந்து கிடக்கும் நாட்டில் அதிக நீதியரசர்கள் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தடைகள் அகற்றப்பட்ட அதே வேளையில் புதிய இடங்களும் திறக்கப்பட்டது கவலைக்குரியது.

பேரவையின் பத்து உறுப்பினர்களில் எழுவர் பாராளுமன்ற உறுப்பினர்கள். மூவர் மட்டுமே வெளியிலிருந்து வருபவர்கள். அந்த மூவரின் தெரிவில் பொதுமக்கள் காட்டும் அக்கறை, தேர்தல் வேட்பாளர்களில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, சம்பந்தன் உள்ளிட்டோர் தாக்கல் செய்த மனுக்களில் எழுவர் கொண்ட அமர்வு டிசெம்பர் 13 அன்று ஒருமனதாக அதைச் சட்டவிரோதம் என்றது. பதவியிலிருக்கும் ஜனாதிபதியின் முடிவை எழுவரும் தயக்கமின்றித் தள்ளக்கூடிய நீதிமன்றம் அன்று நமக்கு இருந்தது என்பதை, பேரவையால் பயனில்லை என்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கேள்வி: சட்டமா அதிபர் அரசாங்கத்தின் சட்டத்தரணியா, மக்களின் சட்டத்தரணியா? சிலருடைய வழக்குகள் ஆட்சி மாறும்போதெல்லாம் உயிர்பெறுவதும் கைவிடப்படுவதும் ஏன்?
— வாசகர், மட்டக்குளி

இந்த வார்த்தைகளில் நீங்கள் கேட்டிருப்பது இந்தப் பொருளின் நடுமையம். நீதிபதி தமக்கு முன்னால் வைக்கப்படும் வழக்கை மட்டுமே தீர்க்க முடியும். எதை முன்வைப்பது, எவர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்வது, எதை மீளப்பெறுவது என்பவற்றைப் பாரதூரமான குற்றங்களில் தீர்மானிப்பவர் சட்டமா அதிபரே. அவரே அமைச்சுகளுக்கு ஆலோசனை வழங்குகிறார். அடிப்படை உரிமை மனுக்களில் அரச தரப்புக்காகத் தோன்றுகிறார். அதே அரசின் உத்தியோகத்தர்கள் குற்றமிழைத்தால் அவர்கள்மீது வழக்கும் தொடர வேண்டும். எவ்வளவு நேர்மையான ஒருவர் அந்தக் கதிரையில் அமர்ந்தாலும் இந்த இரண்டு கடமைகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

கொழும்பில் வாழும் நமக்கு இதன் பொருள் நன்கு தெரியும். 2008, 2009 காலப்பகுதியில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்டுக் காணாமற்போன பதினொரு பேரின் வழக்கில், பெரும்பாலும் தமிழ் இளைஞர்களான அவர்களின் பெற்றோர் எத்தனை ஆண்டுகள் புதுக்கடைக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தார்கள்! குற்றப் புலனாய்வுத் திணைக்கள விசாரணைக்குப் பின் கடற்படையினர்மீது குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று. பிறகு, 2020 இல் அமைக்கப்பட்ட அரசியல் பழிவாங்கல் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு அந்த வழக்கில் தலையிட முயன்றது; சட்டமா அதிபர் அதற்கு உடன்படவில்லை. ஆனால் 2021 இல், புதிய சட்டமா அதிபரின் காலத்தில், முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. காரணங்கள் அந்தப் பெற்றோருக்கு விளக்கப்படவில்லை. முடிவு சட்டப்படி சரியாக இருந்திருந்தாலும்கூட, பிள்ளையைத் தொலைத்தவர்களுக்குக் காரணம் சொல்லப்படாதது கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

தீர்ப்புக்குப் பின்னும் அரசியல் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. அது ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு. 2000 டிசெம்பரில் மிருசுவிலில் சிறுவர்கள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற குற்றத்துக்காக விதிக்கப்பட்ட மரணதண்டனையை உயர் நீதிமன்றம் 2019 இல் உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அந்தக் கைதி மன்னிப்புப் பெற்று வீடு திரும்பினார். கொலைக் குற்றத்துக்காக மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 இல் வழங்கப்பட்ட மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லாததாக்கியது. மன்னிப்பு அதிகாரமும் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டது என்பதை நிலைநாட்டியதால் அந்தத் தீர்ப்பு பெரிது.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025 இன் தொடக்கத்தில், பத்திரிகையாசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொலை விசாரணையோடு தொடர்புபட்ட மூன்று சந்தேகநபர்கள்மீது மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதில்லை என்று சட்டமா அதிபர் எடுத்த முடிவு பெரும் எதிர்ப்பை எழுப்பிப் பின்னர் இடைநிறுத்தப்பட்டது. அந்த முடிவின்மீது எழுந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அமைச்சர்களும் மேடைப் பேச்சாளர்களும் சட்டமா அதிபரை வழிநடத்தும் வழக்கம் ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால், அடுத்த முறை அது எவருக்காகப் பயன்படும் என்று எவராலும் சொல்ல முடியாது. வழக்குத் தொடரும் பணியைத் தனியான, சுதந்திரமான அலுவலகத்திடம் ஒப்படைப்பதும், வழக்கைக் கைவிடும் ஒவ்வொரு முடிவுக்கும் பாதிக்கப்பட்டோருக்கு எழுத்தில் காரணம் தருவதைக் கட்டாயமாக்குவதுமே வழி.

கேள்வி: என் மகள் சட்டக் கல்லூரியில் கற்கிறாள். சட்டத்தரணிகள் கட்சி அரசியலில் ஈடுபடுவது தொழிலுக்கு இழுக்கா?
— தந்தை, வத்தளை

இழுக்கில்லை. தமிழர் அரசியலே பெரும்பாலும் சட்டத்தரணிகளின் அரசியலாகத்தான் இருந்து வந்திருக்கிறது. நீண்டகாலம் எதிரெதிராக நின்ற எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஜி.ஜி. பொன்னம்பலமும், 1976 இல் அமிர்தலிங்கம் முதலியோர்மீது தொடுக்கப்பட்ட ட்ரயல் அட் பார் வழக்கில் (ஜூரி இன்றி நீதியரசர்கள் மூவர் விசாரிக்கும் வழக்கு) ஒரே தரப்பில் தோன்றினார்கள். கட்சிக்காரர் எவராக இருந்தாலும் அவருக்காக அச்சமின்றி வாதாடலாம். நீதிமன்றத்துக்கு உண்மையை மறைக்கலாகாது. இந்த இரண்டும் இருக்குமானால் உங்கள் மகள் எந்தக் கட்சியிலும் இருக்கலாம்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். சட்டத்தரணி ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த கௌரவமான ஜனாதிபதி சட்டத்தரணி என்ற பட்டத்தை வழங்குபவர் நாட்டின் முதல் அரசியல்வாதியே. தொழிலில் சிறப்பும் ஒழுக்கத்தில் உயர்வும் உடையோருக்கே அது உரியது என்று அரசியலமைப்பு கூறினாலும், தகுதியானவர்களோடு அணுக்கமானவர்களும் பட்டியலில் இடம்பெறுகிறார்கள் என்ற முணுமுணுப்பு ஒவ்வோர் ஆட்சியிலும் கேட்கிறது. அடுத்து, 1974 இல் உருவான இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம். பதவியிலிருந்த பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே அதன் தலைவராக இருந்து, பின்னர் நீதியமைச்சரானதும் உண்டு. ஆயினும் 2013 ஜனவரியில் குற்றப்பிரேரணை விவாதிக்கப்பட்ட இரு நாள்களும் நாடெங்கும் சட்டத்தரணிகள் நீதிமன்றப் பணியிலிருந்து விலகி நின்றதை மறக்க முடியாது.

அச்சத்தையும் உங்கள் மகளிடம் மறைக்க வேண்டாம். அரசியல் வழக்குகளில் துணிந்து தோன்றிய குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5 அன்று இதே கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2022 பெப்ரவரியிலேயே பிணையில் வெளிவந்தார். இவற்றைத் தெரிந்துகொண்டும் அவள் இந்தத் தொழிலை விரும்பினால் தடுக்காதீர்கள்.

கேள்வி: முல்லைத்தீவு நீதிபதி பதவி விலகியபோது தெற்கில் பெரிதாக எவரும் பேசவில்லையே?
— வாசகி, கொச்சிக்கடை

உங்கள் வருத்தம் நியாயமானது. முல்லைத்தீவு குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது தொடர்பான வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, உயிரச்சுறுத்தலும் மன அழுத்தமும் காரணம் என்று எழுதி 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் கூறிய அழுத்தங்களை அதிகாரத் தரப்பு மறுத்தது. வடக்கு கிழக்கில் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். மனிதச் சங்கிலியும் நடந்தது. அதற்கு முன்பே பாராளுமன்றத்தில் அவரைத் தாக்கிப் பேசப்பட்டது என்பதைக் கவனியுங்கள். முறையான தனிப்பிரேரணை இல்லாமல் நீதிபதியின் நடத்தையை அங்கு விவாதிக்கலாகாது என்பது நிலையியற் கட்டளை. ஆனால் சிறப்புரிமை இருப்பதால் பேசியவர்மீது வழக்குத் தொடர முடியாது. பிரதம நீதியரசர் தாக்கப்பட்டால் தலைநகரமே எழுகிறது. தொலைதூர மாவட்டத்தில், ஒருசில பொலிசாரின் காவலில், தனியாக அமர்ந்திருக்கும் நீதிபதிக்கோ அந்த ஆதரவு கிடைப்பதில்லை. அவருக்குத்தான் அது அதிகம் தேவை.

கேள்வி: ஒரு தீர்ப்பு அரசியல் நோக்கமுடையது என்று நாங்கள் முகநூலில் எழுதினால் சிறைக்குப் போக நேருமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

எழுதும் விதத்தைப் பொறுத்தது. நீதித்துறையைப் பற்றிய கூற்றொன்றுக்காக அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் ரஞ்சன் ராமநாயக்க 2021 ஜனவரியில் நான்கு ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார். நீதிமன்ற அவமதிப்புக்கெனத் தனிச்சட்டம் 2024 இல்தான் நிறைவேறியது. அதுவரை எது அவமதிப்பு என்ற வரம்பே எழுத்தில் தெளிவாக இருக்கவில்லை. தீர்ப்பை முழுமையாக வாசித்து, அதன் காரணங்கள் எந்த இடத்தில் பிழையென்று நினைக்கிறீர்களோ அதை நல்லெண்ணத்தோடு எழுதலாம். அது உங்கள் உரிமை. நீதிபதி பணம் வாங்கினார், கட்சிக்கு விலைபோனார் என்று ஆதாரமின்றி எழுதாதீர்கள். ஆதாரம் இருந்தால் அதற்குரிய இடம் முகநூல் அல்ல; முதற் பதிலில் சொன்ன ஆணைக்குழுக்களே. நிலுவையிலுள்ள வழக்குகளைப் பற்றி எழுதும்போது இன்னும் கூடுதலான கவனம் வேண்டும்.